சிஎஃப்ஏ லெவல் 1: 24 வாரம் இருக்கு, எங்கிருந்து ஆரம்பிப்பது? பாஸ் பண்ணினால் ஈக்விட்டி ரிசர்ச் வேலை கிடைக்குமா?

கடைசிபெஞ்ச்_பிகாம்
வணக்கம். சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான மூன்று கட்டத் தேர்வு) லெவல் 1-க்குப் பதிவு பண்ணியாச்சு. பி.காம் முடிந்தது, பகலில் ஆடிட்டர் ஆபீஸ். வாரநாளில் ஒன்றரை மணி நேரம் தேறும், சனி ஞாயிறில் கொஞ்சம் கூடுதலாக. மூன்று கேள்வி:
1) எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது?
2) சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட் தரும் புத்தகத்தை முழுக்கப் படிக்கணுமா, வெளிக் கம்பெனி தரும் சுருக்கமான ஷ்வேசர் நோட்ஸ் போதுமா?
3) லெவல் 1 மட்டும் முடித்தால் ஈக்விட்டி ரிசர்ச்சில் (கம்பெனிப் பங்குகளை ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதும் வேலை) யாராவது எடுப்பார்களா?

ஐந்தொகை
முதலில் கணக்கைப் போடுங்க தம்பி. இன்ஸ்டிடியூட்டே சொல்வது சுமார் 300 மணி நேரம். வாரநாள் 5 × 1.5 = 7.5. சனி ஞாயிறு சேர்த்து 5 மணி நேரம் போட்டால் வாரத்துக்கு 12.5. 24 வாரத்தில் சரியாக 300. அதாவது உங்களிடம் உபரி என்று ஒன்றும் கிடையாது. தீபாவளி, பொங்கல், ஆடிட் சீசன் எல்லாவற்றையும் கழித்தால் 260-தான் மிஞ்சும். அதனால் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் உருட்டும் திட்டத்தை இப்போதே விட்டுவிடுங்க.

பரீட்சையின் உருவம் இது: 180 கேள்வி, இரண்டு பகுதி, பகுதிக்கு 90 கேள்வி, 135 நிமிடம். ஒரு கேள்விக்கு 90 நொடி. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைதான், தப்பாகப் போட்டால் மார்க் குறைப்பதில்லை. எனவே ஒரு கேள்வியையும் காலியாக விடாதீங்க.

பாடங்களின் எடை: எதிக்ஸ் (தொழில் நெறிமுறை) 15–20 சதவீதம். எஃப்எஸ்ஏ (நிதி அறிக்கைப் பகுப்பாய்வு), ஈக்விட்டி (பங்குகள்), ஃபிக்ஸட் இன்கம் (பாண்ட், அதாவது கடன் பத்திரங்கள்) மூன்றும் தலா 11–14. போர்ட்ஃபோலியோ 8–12, ஆல்டர்னேட்டிவ்ஸ் (ரியல் எஸ்டேட், ஹெட்ஜ் ஃபண்ட் மாதிரி) 7–10. குவான்ட் (வட்டிக் கணக்கு, புள்ளியியல்), எகனாமிக்ஸ், கார்ப்பரேட் இஷ்யூயர்ஸ் (கம்பெனி நிதி) தலா 6–9. டெரிவேட்டிவ்ஸ் (ஃப்யூச்சர், ஆப்ஷன் மாதிரி) 5–8. முதல் நான்கையும் கூட்டிப் பாருங்க, பாதிப் பரீட்சை அங்கேயே முடிந்துவிடுகிறது.

வரிசையைப் பற்றி என் கருத்து: குவான்ட்டில் தொடங்குங்க. எடை குறைவு, ஆனால் பணத்தின் காலமதிப்பு கைக்கு வராமல் பாண்டும் வராது, ஈக்விட்டி வேல்யுவேஷனும் வராது. அதற்கு 2 வாரம், அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். ஹைபாதசிஸ் டெஸ்டிங்கில் மாட்டிக்கொண்டு ஒரு மாதத்தைத் தொலைக்கிறவர்கள் ஏராளம். அடுத்து எஃப்எஸ்ஏ 4 வாரம், ஃபிக்ஸட் இன்கம் 3, ஈக்விட்டி 2, டெரிவேட்டிவ்ஸ் 1, போர்ட்ஃபோலியோ 2, மற்ற மூன்றுக்கும் சேர்த்து 3. ஆக 17. எதிக்ஸுக்கு 2 வாரம். மிச்சம் 5 வாரம் முழுக்க மாக் டெஸ்டும் (மாதிரிப் பரீட்சை) அதன் பிழை திருத்தமும்.

வட்டிக்கடை
ஐந்தொகை சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாடம் தொடங்கும் முன் கால்குலேட்டர் வாங்குங்க. இரண்டு வகைக்குத்தான் அனுமதி: டெக்சாஸ் பிஏ டூ பிளஸ் (அதன் ப்ரொஃபஷனல் மாடலும் ஓகே), ஹெச்பி 12சி. முன்பே ஹெச்பியில் கை பழகாதவர்கள் டெக்சாஸ் எடுப்பது நல்லது.

வாங்கியதும் செய்ய வேண்டிய நான்கு காரியம்:

தசமம்: 2ND, புள்ளி பட்டன் (மேலே ஃபார்மேட் என்றிருக்கும்), 4, என்டர். தொழிற்சாலையிலிருந்து 2 தசமத்தில்தான் வரும், வட்டி விகிதக் கணக்குக்கு அது பத்தாது.

கணக்கு முறை: அதே மெனுவில் கீழ் அம்பை 4 முறை தட்டினால் சிஎச்என் என்று காட்டும். 2ND, செட் அழுத்தி ஏஓஎஸ் ஆக மாற்றுங்க. மாற்றாவிட்டால் இது பெருக்கலுக்கு முதலிடம் கொடுக்காது, அடித்த வரிசையிலேயே கணக்குப் போடும். 7 + 1.2 × 5 என்று சிஏபிஎம் (ஒரு பங்கில் எதிர்பார்க்கும் ரிட்டர்ன்) கணக்கு அடித்தால் 13 வரவேண்டிய இடத்தில் 41 வரும். 41 சதவீத ரிட்டர்ன் என்றால் நாமே முழித்துக்கொள்வோம். சின்ன எண்ணாக இருந்தால் முழிப்பு வராது, அதுதான் வம்பு.

பி/ஒய் (வருடத்துக்கு எத்தனை தவணை): 1 என்று இருக்கிறதா பாருங்க. பழைய மெஷினில் 12 என்று இருக்கும். செகண்ட்ஹேண்ட் வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்கணும்.

பிஜிஎன்: திரையின் மேல் மூலையில் இந்த எழுத்துகள் தெரிந்தால் கட்டணம் காலத்தின் தொடக்கத்தில் வருவதாக மெஷின் நினைக்கிறது. ஆன்யூட்டி டியூ (காலத் தொடக்கத்திலேயே கட்டும் தவணை) கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால், அதற்கு அப்புறம் வரும் எல்லா பாண்டும் தப்பு. 2ND சிஎல்ஆர் டிவிஎம் அழுத்தினால் ஐந்து எண்கள்தான் அழியும். பி/ஒய், பிஜிஎன் இரண்டும் அப்படியே நிற்கும்.

உதாரணம் பாருங்க. 5 வருட பாண்ட், முகமதிப்பு 1000, கூப்பன் (பாண்ட் தரும் வட்டி) 8 சதவீதம் அரையாண்டுக்கு ஒருமுறை, ஈல்டு (சந்தை எதிர்பார்க்கும் வருமானம்) 10 சதவீதம்.
சரியான வழி: என் (தவணைகள்) 10, ஐ/ஒய் (ஒரு தவணைக்கு வட்டி) 5, பிஎம்டி (தவணைத் தொகை) 40, எஃப்வி (முடிவில் வரும் தொகை) 1000. விலை 922.78.
அரையாண்டை மறந்து 5, 10, 80 என்று போட்டால் 924.18.
பிஜிஎன் அணைக்காமல் விட்டால் 938.23.
பரீட்சையில் மூன்று விடையாகக் கொடுப்பது இப்படிப்பட்ட எண்களைத்தான். நாம் எங்கே சறுக்குவோம் என்று யோசித்துத்தான் தப்பு விடையைத் தயாரிக்கிறார்கள். "என் விடை லிஸ்டில் இருக்கு, அதனால் சரி" என்ற நிம்மதிக்கு இங்கே இடமில்லை.

எரர் 5 வந்தால் பயப்படாதீங்க. வட்டி கண்டுபிடிக்கும்போது விலையையும் வரவையும் ஒரே குறியில் போட்டிருப்பீங்க. விலைக்கு மைனஸ் போட்டால் தீர்ந்தது.

கடைசிபெஞ்ச்_பிகாம்
மிக்க நன்றி சார். என் மெஷினில் சிஎச்என்-தான் இருந்தது, மாற்றிவிட்டேன். புத்தகமா நோட்ஸா என்பதற்கு யாராவது சொல்லுங்களேன்.

மறுபக்கம்
நோட்ஸ் போதும் என்கிற கட்சி நான். புத்தகம் ஆயிரக்கணக்கான பக்கம். முழுநேர வேலை பார்க்கிறவர் அதை ஒருமுறை முடிப்பதற்குள் முதலில் படித்தது மறந்துவிடும். ஷ்வேசரோ, மார்க் மெல்ட்ரம் வீடியோவோ, ஐஎஃப்டியோ, ஏதாவது ஒன்றே ஒன்று. மூன்றையும் வாங்கி அடுக்குவது படிப்பு ஆகாது, ஷெல்ஃப் அலங்காரம்தான்.

ஐந்தொகை
பாதி ஒத்துக்கொள்கிறேன். எதிக்ஸுக்கு மட்டும் நோட்ஸ் வேண்டாம், மூலப் புத்தகம்தான். நோட்ஸில் விதி இருக்கும், ஆனால் பரீட்சையில் வருவது விதி இல்லை, சம்பவம். மூலத்தில் ஒவ்வொரு ஸ்டாண்டர்டுக்கும் (நடத்தை விதி) கீழே குட்டிக் குட்டி சம்பவங்கள் இருக்கும், விடையும் காரணமும் சேர்த்து. அவற்றை ஒன்றுவிடாமல் படிக்கணும். மற்றப் பாடங்களுக்கு நோட்ஸில் படித்துவிட்டு, இன்ஸ்டிடியூட்டின் ஆன்லைன் தளத்தில் இருக்கும் பயிற்சிக் கேள்விகளை முழுக்கப் போடுங்க. பதிவுக் கட்டணத்திலேயே அது அடக்கம், வாங்கின பணத்துக்கு அதைத்தான் கறக்கணும். கேள்வியின் வாசக நடை வெளிக் கம்பெனி மாக்கில் வேறு மாதிரி இருக்கும்.

மறுபக்கம்
எதிக்ஸ் விஷயத்தில் சரி சார், அதில் வாதமில்லை.

நெறிமுறை_அக்கா
எதிக்ஸ் என்றதும் ஓடி வந்தேன். "நல்ல மனுஷனாக இருந்தால் எதிக்ஸ் தன்னால் வரும்" என்று நினைக்கிறவங்கதான் இதில் அதிகமாக அடி வாங்குவாங்க. இது மனசாட்சிப் பரீட்சை இல்லை, சட்டப் பரீட்சை. திரும்பத் திரும்ப வரும் பொறிகள் சில:

உள்ளூர்ச் சட்டம் ஒன்று, ஸ்டாண்டர்ட் ஒன்று என்றால், எது கடுமையோ அதைத்தான் பின்பற்றணும். சட்டம் அனுமதிக்கிறது என்பது சாக்கு ஆகாது.

மொசைக் தியரி: பகிரங்கமான தகவலையும், பகிரங்கமாகாத ஆனால் முக்கியமில்லாத துணுக்குகளையும் கோத்து நீங்க எடுக்கும் முடிவு, அது எவ்வளவு பெரிய முடிவாக இருந்தாலும், குற்றமில்லை. துணுக்குகளில் ஒன்றே ஒன்று விலையை அசைக்கும் ரகசியமாக இருந்தால் கதை மாறிவிடும்.

சாஃப்ட் டாலர் (கிளையன்ட் கட்டும் புரோக்கரேஜுக்கு ஈடாக புரோக்கரிடம் வாங்கும் சேவை): புரோக்கரேஜிலிருந்து வாங்குவது கிளையன்ட்டுக்குப் பயன்பட்டாகணும். ஆபீஸ் நாற்காலி வாங்கினால் மீறல்.

ஆவணத்தை எத்தனை வருஷம் வைக்கணும்? ஒழுங்குமுறை அமைப்பு எதுவும் சொல்லாத இடத்தில் பரிந்துரை 7 வருஷம்.

ஜிப்ஸ் (முதலீட்டு ரிட்டர்னைக் காட்டுவதற்கான உலகளாவிய விதிமுறை): ஒரு ஃபண்டுக்கு மட்டும் பின்பற்றுகிறோம் என்று சொல்லவே முடியாது. கம்பெனி முழுக்க, அல்லது இல்லை.

இன்னொன்று. "என்ன செய்தால் மீறல் ஆகாது?" என்று ஒரு கேள்வியும் "எது மிகவும் பரிந்துரைக்கத்தக்கது?" என்று ஒரு கேள்வியும் அடுத்தடுத்து வரும். முதலாவதுக்குக் கட்டாயம் எது என்று பாருங்க, இரண்டாவதுக்குப் பரிந்துரை எது என்று பாருங்க. இதைக் குழப்பிக்கிட்டே நாலைந்து மார்க்கைக் கோட்டை விடலாம். பாஸ் கோட்டுக்கு ஒட்டி நிற்கிறவங்களுக்கு எதிக்ஸ் மார்க்கைத் தனியாகப் பார்க்கும் வழக்கமும் உண்டு.

கடைசி 4 வாரத்தில் எதிக்ஸை இரண்டாம் தடவை படிங்க. ஆரம்பத்தில் படித்துவிட்டு அப்படியே விட்டால் ஒன்றும் நிற்காது.

ஐந்தொகை
எஃப்எஸ்ஏ பற்றி ஒரு எச்சரிக்கை, குறிப்பாக இந்தத் தம்பி மாதிரி ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வருகிறவர்களுக்கு. நமக்குத் தெரிந்த கணக்கியலே இங்கே குழியில் தள்ளும்.

வட்டி கட்டியது கேஷ்ஃப்ளோவில் (ரொக்க ஓட்ட அறிக்கை) எங்கே வரும்? நம்ம இந்த்-ஏஎஸ் 7 (இந்தியக் கணக்கியல் விதி) படி சாதாரணக் கம்பெனிக்கு அது ஃபைனான்சிங் (நிதி திரட்டல்) பகுதிதான், வேறு வழியே கிடையாது. பரீட்சையில் கேட்பதோ ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேசக் கணக்கியல் விதி), யுஎஸ் காப் (அமெரிக்க விதி) இரண்டும். ஐஎஃப்ஆர்எஸ்ஸில் கட்டிய வட்டி ஆபரேட்டிங் (அன்றாடத் தொழில்) அல்லது ஃபைனான்சிங். யுஎஸ் காப்பில் ஆபரேட்டிங் மட்டும். கொடுத்த டிவிடெண்ட் யுஎஸ் காப்பில் ஃபைனான்சிங், ஐஎஃப்ஆர்எஸ்ஸில் இரண்டில் ஒன்று. வாங்கிய வட்டி, டிவிடெண்ட் இரண்டும் யுஎஸ் காப்பில் ஆபரேட்டிங், ஐஎஃப்ஆர்எஸ்ஸில் ஆபரேட்டிங் அல்லது இன்வெஸ்டிங். இதை ஒரு சின்னக் கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்க.

அதே மாதிரி லிஃபோ (கடைசியாக வாங்கிய சரக்கு முதலில் விற்றதாக வைக்கும் முறை). ஐஎஃப்ஆர்எஸ்ஸில் அனுமதி இல்லை, இங்கேயும் இல்லை, அதனால் நம் ஆட்கள் அதை லேசாக விட்டுவிடுவார்கள். யுஎஸ் காப்பில் உண்டு. விலைவாசி ஏறும்போது லிஃபோவில் விற்ற சரக்கின் அடக்கம் கூடும், லாபம் குறையும், வரி குறையும், கையிருப்புச் சரக்கின் மதிப்பு பழைய விலையில் தேங்கி நிற்கும். கேள்வியை இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலிருந்து வேண்டுமானாலும் கேட்பார்கள்.

ஆராய்ச்சி–மேம்பாட்டுச் செலவில், மேம்பாட்டுப் பகுதியை நிபந்தனை நிறைவேறினால் ஐஎஃப்ஆர்எஸ் சொத்தாகக் காட்டச் சொல்லும். யுஎஸ் காப் பொதுவாகச் செலவாக எழுதச் சொல்லும், மென்பொருளுக்குத் தனி விதி.

கொழும்பு_கணக்கு
இலங்கையில இருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்கட எல்கேஏஎஸ் 7 (இலங்கைக் கணக்கியல் விதி) ஐஎஃப்ஆர்எஸ்ஸை அப்படியே தழுவினது, அதால அந்த "இரண்டில் ஒண்டு" தெரிவு எங்களுக்கு இருக்கு. இங்க இருந்து படிக்கிற ஆக்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் லேசு. ஒரு கேள்வி: கட்டணம் டொலரில எண்டபடியால் இங்க பெரிய சுமை. ஸ்கொலர்ஷிப் ஏதும் உண்டோ?

நெறிமுறை_அக்கா
உண்டு. பொருளாதார நெருக்கடியில் இருப்பவங்களுக்கு ஆக்சஸ் ஸ்காலர்ஷிப், பெண்களுக்குத் தனியாக ஒன்று, இணைப்புள்ள பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒன்று. முதலில் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பம், முடிவு வந்த பிறகு பரீட்சைப் பதிவு. முழுக் கட்டணம் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் திருப்பித் தரமாட்டாங்க. ஸ்காலர்ஷிப் இல்லாதவங்க முன்பதிவுக் கெடுவையாவது தவறவிடாதீங்க, கடைசி நேரப் பதிவுக்கும் அதற்கும் நூற்றுக்கணக்கான டாலர் வித்தியாசம்.

கொழும்பு_கணக்கு
நன்றி அக்கா. பதிவு செய்யிறதுக்கு முன்னமே கேட்டது நல்லதாப் போச்சு.

வட்டிக்கடை
ஃபிக்ஸட் இன்கம்மில் டியூரேஷன்–கான்வெக்சிட்டி கணக்கு (ஈல்டு மாறினால் பாண்ட் விலை எவ்வளவு மாறும் என்பது) கிட்டத்தட்ட நிச்சயம். ஒருமுறை கையால் போட்டுப் பாருங்க.

மாடிஃபைட் டியூரேஷன் 7, கான்வெக்சிட்டி 60, ஈல்டு 50 பேசிஸ் பாயிண்ட் (0.5 சதவீதப் புள்ளி) ஏறுகிறது.
டியூரேஷன் பங்கு: −7 × 0.005 = −3.5 சதவீதம்.
கான்வெக்சிட்டி பங்கு: ½ × 60 × 0.005 × 0.005 = +0.075 சதவீதம்.
மொத்தம் −3.425 சதவீதம்.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். அரையை மறப்பது ஒன்று. 50 பேசிஸ் பாயிண்டை 0.05 என்று எழுதுவது இரண்டு. ஈல்டு ஏறுகிறதே என்று கான்வெக்சிட்டிக்கும் மைனஸ் போடுவது மூன்று. சாதாரண பாண்டுக்கு ஈல்டு ஏறினாலும் இறங்கினாலும் கான்வெக்சிட்டி பங்கு கூட்டல்தான், நமக்குச் சாதகம்தான். அழைக்கத்தக்க பாண்டில் (வெளியிட்டவர் முன்கூட்டியே திருப்பிவிடக்கூடியது) மட்டும் ஈல்டு இறங்கும்போது அது எதிர்மறையாகத் திரும்பும்.

கடைசிபெஞ்ச்_பிகாம்
அருமை சார். மாக் டெஸ்ட் எத்தனை எழுதணும்? 70 சதவீதம் வந்தால் பாதுகாப்பா?

மறுபக்கம்
6 மாக் போதும். 12 எழுதிவிட்டு ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்காதவரைவிட, 5 எழுதி ஐந்தையும் பிரித்து மேய்ந்தவர் மேல். ஒரு மாக் நாலரை மணி நேரம். அதைத் திருத்த அதே அளவு நேரம் ஒதுக்குங்க. எக்செல்லில் ஒரு ஷீட் போட்டு, தப்பான கேள்வி ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்க: பாடமே தெரியாது, தெரிந்தும் மறந்தது, கேள்வியைத் தப்பாக வாசித்தது, கால்குலேட்டர் பிழை, குருட்டாம்போக்கில் போட்டது. சரியாக வந்தாலும் குருட்டாம்போக்கில் போட்டதாக இருந்தால் அதுவும் அந்த ஷீட்டில் ஏறணும். இரண்டு மாக் முடிந்ததும் பாருங்க, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு வாசிப்புப் பிழையாக இருக்கும். "எது பொருந்தாது", "மிகக் குறைந்த வாய்ப்புள்ளது" என்று கேட்டிருப்பார்கள். நாம் நேரெதிராகப் படித்திருப்போம்.

பாஸ் கோடு எத்தனை சதவீதம் என்று இன்ஸ்டிடியூட் சொல்வதில்லை. கடைசி இரண்டு மாக்கில் நேரக் கட்டுப்பாட்டோடு 70-க்கு மேல் நின்றால் தைரியமாகப் போகலாம் என்பது பொதுவான கணிப்பு, உத்தரவாதம் இல்லை. 2021 ஜூலையில் லெவல் 1-இல் தேறியவர்கள் 22 சதவீதம்தான்.

ஐந்தொகை
நிர்வாக விஷயம் இரண்டு சொல்லிவிடுகிறேன், படிப்பெல்லாம் முடித்துவிட்டு இதில் கோட்டை விடக்கூடாது.

ஒன்று, பெயர். நம் ஊர்ப் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல் பெரிய தலைவலி. பான் கார்டில் ஒரு மாதிரி, டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து வேறு மாதிரி இருக்கும். தேர்வு மையத்தில் நீங்க காட்டப்போகும் அடையாள அட்டையில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே சிஎஃப்ஏ கணக்கிலும் இருக்கணும். வித்தியாசம் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டணமும் போகும். எந்த அட்டை செல்லும் என்பதை இன்ஸ்டிடியூட் தளத்தில் பார்த்துவிட்டு, திருத்தத்தை இந்த வாரமே செய்யுங்க.

இரண்டு, பிராக்டிகல் ஸ்கில்ஸ் மாட்யூல். பைதான், ஃபைனான்ஷியல் மாடலிங் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிக்கணும். பரீட்சையில் இதிலிருந்து கேள்வி வராது, ஆனால் முடிக்காவிட்டால் ரிசல்ட் வெளியாகாது. உங்களுக்கு மாடலிங்தான் பொருத்தம், வேலை தேடும்போதும் உதவும்.

பரீட்சையன்று, முதல் பகுதியை முடித்துவிட்டால் அதன் கேள்விகளுக்குத் திரும்ப முடியாது. சந்தேகக் கேள்விக்குக் கொடி போட்டுவிட்டு நகருங்க, ஆனால் ஏதாவது ஒரு விடையை அமுக்கிவிட்டு நகருங்க.

மும்பை_லோக்கல்
மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். லெவல் 1 மட்டும் வைத்துக்கொண்டு ஈக்விட்டி ரிசர்ச் வேலை கிடைக்குமா என்றால், அதை மட்டும் வைத்துக்கொண்டு கிடைக்காது. லெவல் 1 உங்கள் ரெஸ்யூமேவைக் குப்பையில் போடாமல் இன்னும் பத்து நொடி பார்க்க வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. மிச்சத்தை நீங்க கையோடு கொண்டுபோகும் மாடலும் ரிப்போர்ட்டும் செய்யணும்.

இடம் பற்றியும் சொல்லணும். புரோக்கரேஜ் ரிசர்ச் டெஸ்க், மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டுக் குழு இவற்றில் பெரும்பங்கு மும்பையில். சென்னையில் சுந்தரம் மியூச்சுவல் மாதிரி தலைமையகம் வைத்திருப்பவர்கள் சிலர்தான். சென்னையில் அதிகம் கிடைப்பது வெளிநாட்டு வங்கி, புரோக்கர்களுக்கு இங்கிருந்து செய்து கொடுக்கும் ரிசர்ச் சப்போர்ட், ஃபண்ட் அக்கவுண்டிங், ரிஸ்க் ரிப்போர்ட்டிங். விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் "அனலிஸ்ட்" என்றுதான் போட்டிருக்கும். ஏமாறாதீங்க. ஜேடியில் (வேலை விவரம்) என்ஏவி (ஃபண்ட் யூனிட்டின் மதிப்பு), ரீகன்சிலியேஷன், கார்ப்பரேட் ஆக்‌ஷன் என்றிருந்தால் அது ஆபரேஷன்ஸ். மோசமான வேலை இல்லை, ஆனால் அங்கிருந்து ரிசர்ச்சுக்குத் தாவுவது சுலபமில்லை.

மறுபக்கம்
சப்போர்ட் வேலையை ரொம்பத் தாழ்த்த வேண்டாம் சார். மாடல் அப்டேட், பியர் கம்பாரிசன் டேபிள், காலாண்டு ரிசல்ட் நோட் எல்லாம் அங்கேதான் கை பழகும். சார்ட்டருக்கு (முழு சிஎஃப்ஏ பட்டம்) வேண்டிய 4,000 மணி நேர அனுபவத்துக்கும் (குறைந்தது 36 மாதத்தில் பரவியிருக்கணும்) அது கணக்கில் வர வாய்ப்புண்டு. முதலீட்டு முடிவுக்கு உதவும் ஒரு வேலைப்பொருளை நீங்க தயாரிக்கிறீங்களா என்பதுதான் அளவுகோல், பதவிப் பெயர் இல்லை.

மும்பை_லோக்கல்
ரிசர்ச் சப்போர்ட்டுக்கு அது சரி, மறுக்கவில்லை. ஃபண்ட் அக்கவுண்டிங்குக்கு இல்லை. என் குறை அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதில்தான்.

இப்போது மாடல் (கம்பெனியின் வருங்கால எண்களைக் கணிக்கும் எக்செல் ஷீட்). முதல் மாடலுக்கு பேங்க், இன்ஷூரன்ஸ், ஹோல்டிங் கம்பெனி எடுக்காதீங்க. பேங்குக்குக் கடன்தான் கச்சாப்பொருள், வழக்கமான ஃப்ரீ கேஷ்ஃப்ளோ கணக்கு அங்கே நிற்காது. சிமெண்ட் நல்ல தொடக்கம். உதாரணமாக ராம்கோ சிமெண்ட்ஸ். விற்பனை டன், ஒரு டன்னுக்குக் கிடைக்கும் விலை, ஒரு டன்னுக்கு மின்சாரம்–எரிபொருள், ஒரு டன்னுக்கு சரக்குப் போக்குவரத்து. எல்லாமே டன் கணக்கு. இந்தத் துறைக்காரர்கள் பேசுவதே "டன்னுக்கு எபிட்டா (வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம்) எவ்வளவு" என்றுதான்.

படி:
5 வருட ஆண்டறிக்கை இறக்குங்க. எண்களை வெப்சைட் டேபிளிலிருந்து ஒட்டாமல் அறிக்கையிலிருந்து கையால் ஏற்றுங்க. நோட்ஸில் ஒளிந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.
கான்கால் டிரான்ஸ்கிரிப்ட் (ரிசல்ட் பற்றி நிர்வாகம் முதலீட்டாளர்களுடன் பேசியதன் எழுத்து வடிவம்) பிஎஸ்இ, என்எஸ்இ தளத்தில் இலவசம். கடைசி 8 காலாண்டு வாசியுங்க. நிர்வாகம் போன வருடம் சொன்ன விரிவாக்கத் தேதியும் இந்த வருடம் சொல்லும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் குறித்து வையுங்க.
லாபநட்டம், ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்), கேஷ்ஃப்ளோ மூன்றையும் ஃபார்முலாவால் இணையுங்க. உள்ளீடு நீலம், ஃபார்முலா கறுப்பு. ஃபார்முலாவுக்குள் எண்ணை ஒளித்து வைக்காதீங்க, இன்டர்வியூவில் ஷீட்டைத் திறந்ததும் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.
வரி: 22 சதவீதப் புதிய விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17 சதவீதம்.

ஐந்தொகை இரண்டு பக்கமும் ஒட்டவில்லையா? பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்: டிவிடெண்டை ரிசர்வ்ஸில் கழிக்கவில்லை, முடியாத கட்டுமானம் சொத்தாக மாறும்போது இரண்டு இடத்திலும் எண்ணிவிட்டீங்க, மைனாரிட்டி பங்கை விட்டுவிட்டீங்க, அல்லது லீஸ் கடன். வித்தியாசத்தை "அதர்ஸ்" என்று ஒரு வரியில் அடைத்து ஒப்பேற்றினால் அன்றைக்கே மாட்டிக்கொள்வீங்க.

ஐந்தொகை
லீஸ் என்று சொன்னதால் ஒன்று. 2019 ஏப்ரல் முதல் இந்த்-ஏஎஸ் 116 வந்த பிறகு, கடை வாடகையாக எபிட்டாவுக்கு மேலே கழிந்தது, இப்போது தேய்மானமும் வட்டியுமாகக் கீழே போய்விட்டது. அதனால் துணிக்கடை, சூப்பர்மார்க்கெட், தியேட்டர் மாதிரி வாடகையில் ஓடும் கம்பெனிகளுக்கு எபிட்டா ஒரே வருடத்தில் குதித்த மாதிரி தெரியும். தொழிலில் ஒன்றுமே மாறியிருக்காது. 2019-க்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டு "மார்ஜின் விரிந்தது" என்று எழுதிவிடாதீங்க.

வட்டிக்கடை
டிசிஎஃப் (வருங்கால ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கம்பெனியை மதிப்பிடும் முறை) போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அடுத்த வருட ஃப்ரீ கேஷ்ஃப்ளோ 100, டிஸ்கவுண்ட் ரேட் 11, நிரந்தர வளர்ச்சி 5 என்றால் டெர்மினல் வேல்யூ (அதிலிருந்து என்றென்றும் வரும் ரொக்கத்தின் மதிப்பு) 100 ÷ 0.06 = 1,667. வளர்ச்சியை 6 ஆக்கினால் 100 ÷ 0.05 = 2,000. ஒரு சதவீதப் புள்ளி நகர்த்தியதில் 20 சதவீதம் ஏறிவிட்டது. டார்கெட் விலையைப் பைசா சுத்தமாக எழுதாமல், இந்த இரண்டையும் மாற்றி ஒரு கட்டம் போட்டு ரிப்போர்ட்டில் வையுங்க. கேட்பவர் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்.

நெறிமுறை_அக்கா
ரெஸ்யூமேயில் பேருக்குப் பின்னால் "சிஎஃப்ஏ லெவல் 1" என்று பட்டம் மாதிரி போடாதீங்க. பாதிப் பட்டம் என்று ஒன்று கிடையாது, அதுவே ஸ்டாண்டர்ட் 7 மீறல். "சிஎஃப்ஏ புரோகிராமின் லெவல் 1 தேர்ச்சி" என்று கல்வித் தகுதிப் பகுதியில் எழுதுங்க. அடுத்த லெவலுக்குப் பதிவு பண்ணியிருந்தால் மட்டும் "கேண்டிடேட்" என்று போடலாம். பதிவே பண்ணாமல் "லெவல் 2 கேண்டிடேட்" என்று போடுவது தப்பு. எதிக்ஸில் பாஸ் பண்ணிவிட்டு எதிக்ஸ் தப்போடு ரெஸ்யூமே அனுப்புவதைப் பார்த்தால் எப்படி இருக்கும் சொல்லுங்க.

கடைசிபெஞ்ச்_பிகாம்
நல்லவேளை, லிங்க்ட்இன்னில் போட இருந்தேன். என்ஐஎஸ்எம் பரீட்சையும் (பங்குச் சந்தை வேலைக்கான சான்றிதழ்) எழுதணுமா?

மும்பை_லோக்கல்
செபியின் (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) 2014 ரிசர்ச் அனலிஸ்ட் ஒழுங்குவிதிப்படி ரிசர்ச் எழுதுகிறவர்களுக்கு என்ஐஎஸ்எம் சீரிஸ் 15 வேண்டும். 100 மார்க், 2 மணி நேரம், 60 எடுக்கணும். லெவல் 1 மாதிரி இல்லை, இங்கே தப்பு விடைக்கு மார்க் கழியும், குருட்டாம்போக்கு வேலைக்கு ஆகாது. சான்றிதழ் 3 வருடம் செல்லும். லெவல் 1 முடித்த சூட்டோடு எழுதினால் பாடத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்ததுதான், செபி விதிகள் மட்டும் புதிது. டிஸ்ட்ரிப்யூட்டருக்கான சீரிஸ் 5ஏ-யை இதோடு குழப்பிக்கொள்ளாதீங்க, அது ஃபண்ட் விற்பனைக்கு.

இன்டர்வியூவில் தவறாமல் வருவது ஒன்று: "தேய்மானம் 10 ரூபாய் கூடினால் மூன்று அறிக்கையிலும் என்ன நடக்கும்?" வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், நிகர லாபம் 7.5 குறையும். கேஷ்ஃப்ளோவில் 10-ஐத் திரும்பக் கூட்டுவதால் ரொக்கம் 2.5 கூடும். ஐந்தொகையில் நிலையான சொத்து 10 குறைந்து, ரொக்கம் 2.5 கூடி, சொத்துப் பக்கம் 7.5 குறையும். மறுபக்கம் ரிசர்வ்ஸ் 7.5 குறையும். ஒட்டிவிட்டது. இதைப் பேப்பர் இல்லாமல் அரை நிமிடத்தில் சொல்லணும்.

கடைசிபெஞ்ச்_பிகாம்
ரொக்கம் கூடுவது வரி மிச்சமாவதால்தானே? தேய்மானத்துக்காகக் கையிலிருந்து பணம் போகவில்லை, வரி 2.5 குறைந்தது, அவ்வளவுதான்?

மும்பை_லோக்கல்
அதேதான். அடுத்து அவர் கேட்கப்போவது, "கம்பெனி நட்டத்தில் ஓடினால்?" அப்போது அந்த வருடம் கட்ட வேண்டிய வரியே இல்லை, அதனால் 2.5 ரொக்கமும் இல்லை. மிஞ்சுவது டெஃபர்டு டாக்ஸ் அசெட் (பின்னால் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை), அதுவும் பின்னால் லாபம் வரும் என்று ஆடிட்டர் நம்பினால்தான். உங்க ஆபீஸ் ஃபைல்களிலேயே அப்படி ஒரு கம்பெனி இருக்கும், நோட்ஸைப் புரட்டிப் பாருங்க.

கடைசிபெஞ்ச்_பிகாம்
இருக்கு சார், இரண்டு இருக்கு. நாளைக்குப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறேன்.